உளநோயாளர் பராமரிப்பில் ஒத்தோர் துணை: ஒரு வரலாற்று நோக்கு

உளநோயாளரைப் பராமரிக்கும் முறைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருத்துவரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்த மருத்துவர் எந்நோய்க்கு எப்பெயரிட்டார், எம்மருந்து எவ்வாண்டிற் புழக்கத்திற்கு வந்தது, எவ்வரசு எத்தகைய சட்டம் இயற்றியது என்பனவே அத்தகைய நூல்களில் முதன்மை பெறுகின்றன. நோயாளர் அவற்றில் எண்ணிக்கையாக வருவர். அன்றேல் எடுத்துக்காட்டாக வருவர். ஆயின் அவ்வரலாற்றின் ஓரங்களில் வேறொரு மரபு இடையறாது வந்துள்ளது. நோயுற்று மீண்ட ஒருவர் அத்தகைய துன்பத்தில் உழலும் இன்னொருவரின் அருகிருந்து உதவும் மரபே அது. இம்மரபை ஒத்தோர் துணை என ஈண்டு வழங்குவோம். ஒத்தோர் என்றது கல்வியாலோ வயதாலோ ஒத்தோரை அன்று. துன்பத்தின் அனுபவத்தால் ஒத்தோரையே.

இன்று பல நாடுகளில் ஒத்தோர் துணை அரச உளநலச் சேவையின் ஓர் உறுப்பாக ஏற்கப்பட்டுள்ளது. குறிப்பாக, ஒருவர் தம்மையே இழந்து நிற்கும் நெருக்கடி வேளையில் அவருக்கு உதவும் குழுக்களில், முன்னர் அத்தகைய நெருக்கடியைத் தாமே கடந்தவர்கள் சம்பளம் பெறும் ஊழியராகச் சேர்க்கப்படுகின்றனர். இது முற்றிலும் புதியதொரு கண்டுபிடிப்பு எனக் கருதுவோரும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்து பலமுறை தோன்றியும் பலமுறை மறக்கப்பட்டும் வந்துள்ளது. அது ஏன் தோன்றியது, ஏன் மறக்கப்பட்டது, தாபனங்களுக்குள் சேர்க்கப்பட்டபோது அதற்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிசெத்ரும் புசேனும்

உளநோயாளரின் விலங்குகளைத் தறித்த பெருமகன் யார் என வினவின், பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. ஷார்ல் முல்லர் 1849இலும், தொனி றொபேர்-ஃப்ளெரி 1876இலும் தீட்டிய ஓவியங்கள் அவ்விடையை மக்கள் மனத்திற் பதித்துவிட்டன. பினெலின் மகனும் மாணவரும் அவ்வண்ணமே எழுதினர். ஆனால் பின்வந்த வரலாற்றாய்வாளர், குறிப்பாக டோரா வைனர், மூல ஆவணங்களை ஆராய்ந்து வேறொரு பெயரை முன்னிறுத்தினர். அப்பெயர் ஜோன்-பப்தீஸ்த் புசேன் என்பதாகும்.

புசேன் 1745இற் பிறந்தவர். தோல் பதனிடுந் தொழிலாளி. மருத்துவக் கல்வி பெற்றவரல்லர். 1771இல் கண்டமாலை நோயினால் பரிஸ் நகரையடுத்த பிசெத்ர் வைத்தியசாலையில் நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். நோய் தணிந்தபின் அவ்வைத்தியசாலையிலேயே ஊழியராகத் தங்கினார். 1780களின் நடுப்பகுதியில், தீராதோர் எனக் கைவிடப்பட்ட உளநோயாளருக்கான விடுதியின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய மனைவி மார்கரித் ஜூப்லின் அவருடன் இணைந்து பணியாற்றினார். பினெல் 1793ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அங்கு மருத்துவராகப் பொறுப்பேற்றபோது, நோயாளரை அடிக்கலாகாது என்னும் ஒழுங்கைப் புசேன் ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தார். பினெல் 1795இல் சல்பெத்ரியேர் வைத்தியசாலைக்கு மாறிச் சென்றார். பிசெத்ரில் சங்கிலிகள் அகற்றப்பட்டதோ 1797இல், அகற்றியவர் புசேனே. 1802இல் பினெல் முயன்று புசேனைத் தம்மிடத்துக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின்னரே சல்பெத்ரியேரிலும் சங்கிலிகள் நீங்கின.

நமது ஆய்வுக்கு மிகவும் வேண்டப்படுவது புசேன் ஊழியரைத் தெரிந்தெடுத்த முறையாகும். அவர் பினெலுக்கு எழுதியளித்த அறிக்கையிலே, விடுதிப் பணியாளரை இயன்றவரை நோயிலிருந்து மீண்டவரிடையே இருந்தே தாம் தெரிந்தெடுப்பதாகக் குறித்துள்ளார். அவர்கள் ஏனையோரினும் மென்மையும் நேர்மையும் இரக்கமும் உடையர் என்பது அவர் கண்ட உண்மை. இக்கருத்தில் இரு கூறுகள் அடங்கியுள்ளன. வெளியிலிருந்து கூலிக்கு வந்த காவலன் நோயாளியைக் கண்டு அஞ்சினான்; அச்சம் அடியாக மாறிற்று. அதே கூடத்திற் கிடந்து எழுந்தவனுக்கு அவ்வச்சம் இல்லை. ஆதலின் கை ஓங்க வேண்டிய தேவையும் இல்லை. இது முதலாவது கூறு. மீண்டவனுக்குத் தொழிலும் ஊதியமும் மதிப்பும் கிடைத்தன; அவை அவனது மீட்சியை உறுதிப்படுத்தின. இது இரண்டாவது கூறு. உதவி பெறுவோனும் உதவுவோனும் ஒருங்கே பயனடையும் இவ்விரட்டைப் பயனைப் பிற்காலத்தார் வெவ்வேறு பெயர்களாற் கண்டறிந்தனர்.

எனினும் புசேனைத் தெய்வமாக்குதலும் பினெலைத் தெய்வமாக்கியது போன்ற பிழையேயாகும். சங்கிலி போன இடத்தில், கைகளைப் பிணைக்கும் சட்டை சிற்சில வேளைகளிற் பயன்படுத்தப்பட்டது. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. ஒத்தோர் துணை தாபனத்தின் கடுமையைக் குறைத்தது. தாபனத்தின் அதிகாரத்தை அது தொடவில்லை. பின்வந்த காலங்களில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கலின் வித்து இங்கேயே காணப்படுகின்றது.

மருத்துவத்தின் எழுச்சியும் நோயாளர் குரலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உளநோயாளர் காப்பகங்கள் சட்டத்தால் நிறுவப்பட்ட அரச தாபனங்களாயின. பிரான்சில் 1838ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டுச் சட்டங்களும் இம்மாற்றத்தின் எல்லைக் கற்களாகும். காப்பகத்தின் தலைமை மருத்துவருக்கே உரியதாயிற்று. நோயாளரின் தொகை பெருகப் பெருக, அவர்களிடையே இருந்து பணியாளரைத் தெரிந்தெடுக்கும் பொறுமை அருகியது. நோயாளர் வயலிலும் சலவைக்கூடத்திலும் உழைத்தனர். ஆனால் அவ்வுழைப்பு காப்பகத்தின் செலவைக் குறைத்ததேயன்றிப் பிற நோயாளருக்குத் துணையாக அமையவில்லை.

அக்காலத்தில் நோயாளர் குரல் வெளியிலிருந்தே எழுந்தது. இங்கிலாந்தின் பிரதமராயிருந்து 1812இற் சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்பென்சர் பேர்சிவலின் மகன் ஜோன் தோமஸ் பேர்சிவல், 1831 முதல் 1834 வரை தனியார் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலை பெற்றபின் தம் அனுபவத்தை 1838இலும் 1840இலும் நூல்களாக வெளியிட்டார். 1845இல் அவரும் அவரையொத்த சிலரும் சேர்ந்து, பைத்தியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் நண்பர் சங்கம் எனப் பொருள்படும் அமைப்பொன்றை நிறுவினர். ‘குற்றஞ்சாட்டப்பட்டோர்’ என்னும் சொல் நோக்கற்பாலது. நோயென்னும் முடிபை ஒரு தீர்ப்பாகக் கண்டு, அத்தீர்ப்பை எதிர்த்து வாதாடும் உரிமையை அவர்கள் வேண்டினர். புசேனின் பணியாளர் இரக்கத்தின் வழி வந்தவர்; பேர்சிவலின் நண்பர்கள் உரிமையின் வழி வந்தவர். ஒத்தோர் துணையின் வரலாற்றில் இவ்விரு வழிகளும் சிலகாலம் பிரிந்தும் சிலகாலம் கலந்தும் செல்வதை நாம் காணலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் கிளிபர்ட் பியர்ஸ் என்பாரின் வரலாறு இவ்வகையில் ஒரு படிப்பினையாகும். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியான அவர் 1900இல் உளநோய்க்கு ஆளாகி, கனெக்ரிகட் மாநிலத்தின் மூன்று வைத்தியசாலைகளில் அடைபட்டார். அங்கு கண்ட கொடுமைகளை 1908இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் மாநிலச் சங்கமொன்றையும், 1909இல் தேசியக் குழுவொன்றையும் தோற்றுவித்தார். வைத்தியசாலைகளிற் கிடப்போரின் நிலையைத் திருத்துவதே அவர் கொண்ட முதனோக்கு. ஆனால் அடொல்ஃப் மையர் முதலிய மருத்துவ அறிஞரின் ஆதரவு கிடைத்தபின் இயக்கம் ‘உளச் சுகாதாரம்’ என்னும் பெயரைத் தாங்கி, நோய்த் தடுப்பையும் பொதுமக்கட் கல்வியையும் நோக்கித் திரும்பிற்று. நோயாளர் நிறுவிய இயக்கத்தில் நோயாளரின் இடம் சுருங்கியது. பியர்ஸ் 1939இல் மீண்டும் நோயாளியாக வைத்தியசாலை சேர்ந்து, 1943இல் அங்கேயே மறைந்தார். மதிப்புமிக்க துறையினர் ஓர் இயக்கத்தை அணைத்துக்கொள்ளும்போது அவ்வணைப்பே அதன் குரலை அடக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தாபனத்துக்கு வெளியே தோன்றிய துணை

1930களிலும் 1940களிலும் ஒத்தோர் துணை தாபனங்களுக்குப் புறம்பே தன்னியல்பாக முளைத்தது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில், மதுப்பழக்கத்திலிருந்து அண்மையில் விடுபட்ட பங்குத் தரகர் பில் வில்சன், மீண்டும் குடிக்க வேண்டுமென்னும் உந்துதலுக்கு ஆளானார். அப்போது அவர் மருத்துவரைத் தேடவில்லை. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அவ்வாறு கண்டுகொண்டவர் சத்திரசிகிச்சை மருத்துவர் பொப் சிமித். இருவரின் உரையாடலிலிருந்து உலகெங்கும் பரவிய மது அடிமைகள் மறுவாழ்வுச் சங்கம் பிறந்தது. வில்சன் சென்றது பிறர்க்கு உதவும் பொருட்டன்று, தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு என்பது மனங்கொளத்தக்கது. உதவுதலே உதவுவோனுக்கு மருந்தாகும் என்னும் இவ்வியல்பை பிராங் றீஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1965இல் ஒரு கோட்பாடாக விளக்கினார். 1937இல் சிக்காகோவில் மருத்துவர் ஏபிரகாம் லோ, வைத்தியசாலையிலிருந்து மீண்டோர் தமக்குள் உதவிக்கொள்ளும் குழுவொன்றை அமைத்தார்.

நியூயோர்க் மாநிலத்தின் ரொக்லண்ட் அரச வைத்தியசாலையிற் கூடிப் பழகிய நோயாளர் சிலர், வெளியேறியபின் 1944 அளவில் ‘நாம் தனித்தவர்களல்லர்’ என்னும் பொருளுடைய பெயரில் ஒன்றுகூடினர். வீடும் வேலையும் உறவும் இழந்த நிலையில் ஒருவருக்கொருவர் துணையாதலே அவர்தம் நோக்கம். 1948இல் நகரின் மேற்கு நாற்பத்தேழாம் வீதியில் அவர்கட்கு ஓர் இல்லம் கிடைத்தது. ‘பவுண்டன் இல்லம்’ என அது பெயர்பெற்றது. 1955இல் அதன் நிருவாகம் சமூக சேவைத் தொழிலரான ஜோன் பியர்டிடம் சென்றது. அவர் உறுப்பினரும் ஊழியரும் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் முறையை வளர்த்தார். அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. எனினும் மீண்டோர் தாமே தொடங்கிய ஒன்று, தொழிலர் தலைமையில் மீண்டோர் பங்குபற்றும் ஒன்றாக மாறியமையையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நெருக்கடி என்னும் உரைகல்

இதுகாறும் கூறிய முயற்சிகளுட் பல, நோய் தணிந்த காலத்துக்கு உரியவை. நெருக்கடி வேளையோ வேறு தன்மையது. உறக்கம் இழந்து, அச்சம் மேலிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிக்கொள்ளும் அவ்வேளையிலேதான் பொலிசாரும் பூட்டிய விடுதியும் கட்டாய ஊசியும் தோன்றுகின்றன. ஒருவரின் விருப்பம் சட்டப்படி ஒதுக்கிவைக்கப்படுவதும் அவ்வேளையிலேதான். ஆதலால் ஒத்தோர் துணை உண்மையில் எவ்வளவு வலிமையுடையது என்பதை அறிவதற்கு நெருக்கடியே உரைகல்லாகும்.

1950களில் அமெரிக்காவின் அரச உளநோய் வைத்தியசாலைகளில் 5 இலட்சத்து 50 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். புதிய மருந்துகளின் வருகையும் செலவுக் குறைப்பும் உரிமை வழக்குகளும் அத்தொகையைக் குறைத்தன. ஜனாதிபதி கென்னடி 1963இற் கையொப்பமிட்ட சட்டம் சமுதாய உளநல நிலையங்களை நாடெங்கும் அமைக்க வழிசெய்தது. அந்நிலையங்கள் இன்றியமையாது வழங்க வேண்டிய ஐந்து சேவைகளுள் இருபத்துநான்கு மணிநேர அவசர சேவையும் ஒன்று. ஆனால் திட்டமிட்ட நிலையங்களுள் ஏறத்தாழப் பாதியே நிதிபெற்றன. வைத்தியசாலையின் கதவு திறந்தது. சமுதாயத்தின் கதவு திறக்கவில்லை. நெருக்கடி வந்தபோது மக்கள் மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ சிறைக்கோ சென்றனர்.

இவ்விடைவெளியில் எழுந்ததே முன்னாள் நோயாளரின் விடுதலை இயக்கம். 1970 அளவில் ஒறிகன் மாநிலத்தின் போட்லண்டிலும், 1971இல் நியூயோர்க், போஸ்டன் நகரங்களிலும், கனடாவின் வன்கூவர் நகரிலும் குழுக்கள் தோன்றின. இவ்வியக்கத்தின் சிந்தனையாளருள் ஜூடி சேம்பர்லின் முதன்மையானவர். 1966இல் கருச்சிதைவின் பின் ஆழ்ந்த சோர்வுக்கு ஆளான அவர், தம் விருப்பத்திற்கு மாறாக ரொக்லண்ட் அரச வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்கு முன் ‘நாம் தனித்தவர்களல்லர்’ என்ற குரல் பிறந்த அதே வைத்தியசாலை அது! சில ஆண்டுகளின் பின் வன்கூவரில் மீண்டும் நெருக்கடிக்கு ஆளானபோது, மருத்துவமுறை சாராத சிறிய நெருக்கடி இல்லம் ஒன்றில் அவர் தங்கினார். அங்கே எவரும் அவரைப் பூட்டவில்லை, அழுதபோது அருகிருந்தனர். ஒரே மனிதரின் வாழ்வில் நிகழ்ந்த இவ்விரு அனுபவங்களின் ஒப்பீடே 1978இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அடிப்படையாயிற்று.

அந்நூலில் அவர் மாற்றுச் சேவைகளை மூவகையாகப் பிரித்தார். தொழிலரும் தொழிலரல்லாதாரும் சேர்ந்து நடத்துவது ஒன்று. இதனைக் கூட்டாண்மை என்றார். முன்னாள் நோயாளரும் ஏனையோரும் சமநிலையில் ஒருவரையொருவர் தாங்குவது மற்றொன்று. முன்னாள் நோயாளரே முழுப்பொறுப்பும் ஏற்பது மூன்றாவது. கூட்டாண்மை என்ற பெயரில் நடப்பவற்றுட் பலவற்றில் அதிகாரம் ஒரு பக்கத்திலேயே தங்கிவிடுகின்றது என்பது அவருடைய கண்டனம். இக்கண்டனத்தைப் பின்வந்த எந்தத் திட்டமும் புறக்கணிக்க இயலவில்லை.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், அமெரிக்கத் தேசிய உளநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் லோறன் மோஷர் 1971இற் சொற்றேரியா இல்லத்தைத் தொடங்கினார். முதன்முறையாகக் கடும் உளப்பிறழ்வுக்கு ஆளான இளைஞர் அங்கே தொழிற்பயிற்சி பெறாத ஊழியருடன் ஒரு குடும்பம்போல் வாழ்ந்தனர். மருந்து மிகக் குறைவாகவே வழங்கப்பட்டது. நிதி நின்றமையால் 1983இல் அவ்வில்லம் மூடப்பட்டது. நெருக்கடி வேளையிலும் மனித உறவு மருந்தாக முடியும் என்பதை எடுத்துக்காட்டிய முன்னோடி முயற்சியாக அது எண்ணப்படுகின்றது.

மீண்டும் உள்ளே

1990களில் காற்று திசைமாறியது. வெளியே நின்று கண்டித்தோரின் கருத்துகளை அரச சேவைகள் உள்வாங்கத் தொடங்கின. 1999இல் ஜோர்ஜியா மாநிலம் ஒத்தோர் துணையை வறியோர்க்கான அரச மருத்துவக் காப்புறுதியின் கீழ்க் கட்டணம் பெறக்கூடிய சேவையாக ஏற்றது. 2007ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் மத்திய அரசு எல்லா மாநிலங்கட்கும் சுற்றறிக்கை அனுப்பி, இச்சேவைக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. தகுதிவாய்ந்தோரின் மேற்பார்வை இருத்தல், நோயாளியின் பராமரிப்புத் திட்டத்துடன் சேவை இணைந்திருத்தல், ஊழியர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருத்தல் என்பன அவை. நிபந்தனைகள் நியாயமானவையே. ஆயினும் அனுபவம் என்பது சான்றிதழாக மாறியதும், சமத்துவம் என்பது மேற்பார்வையின் கீழ் வந்ததும் இங்கேதான் என்பதை மறத்தலாகாது.

இங்கிலாந்தில் இருவழிகளும் அருகருகே வளர்ந்தன. ஒரு வழி வெளியே அமைந்தது. 1999இல் லீட்ஸ் நகரில் உளநலச் சேவையைப் பயன்படுத்தியோர் தாமே போராடி நிறுவிய நெருக்கடிச் சேவை, ‘டயல் இல்லம்’ என்னும் சாதாரண வீடொன்றில் மாலை தொடங்கி நள்ளிரவு கடந்தும் நெருக்கடிக்கு ஆளானோரை வரவேற்றது. அது அரச நிதியைப் பெற்றது. ஆனால் நிருவாகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மறுவழி உள்ளே அமைந்தது. 2000ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் திட்டம் நாடெங்கும் 335 நெருக்கடித் தீர்வுக் குழுக்களை அமைப்பதாக உறுதியளித்தது. நோயாளியின் வீட்டுக்கே சென்று பராமரித்து, வைத்தியசாலை அனுமதியைத் தவிர்ப்பது அக்குழுக்களின் பணி. குழு சில வாரங்களில் விலகியதும் மீண்டும் நெருக்கடிக்கு ஆளாவோர் பலராயிருந்தமை பெருங்குறையாகக் காணப்பட்டது.

இக்குறையைத் தீர்க்க ஒத்தோர் துணை உதவுமா என்பதை ஆராய்ந்த ஆய்வொன்று 2018இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. நெருக்கடிக் குழுக்களின் பராமரிப்பிலிருந்து விடுபட்ட 441 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு, தாமும் உளநோயைக் கடந்த ஊழியர் பத்துச் சந்திப்புகள் வரை உதவினர். மீட்சிக்கான பயிற்சிக் கையேடொன்றை இருவரும் சேர்ந்து நிரப்பினர். மறுசாராருக்குக் கையேடு அஞ்சலில் மட்டும் அனுப்பப்பட்டது. ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர பராமரிப்பை நாடியோர் முதற்சாராரில் 29 சதவீதம். மறுசாராரில் 38 சதவீதம். கையேடு ஒன்றே, அதனை உடனிருந்து வாசித்தவரே வேறுபாடு. கலிபோர்னியாவில் 393 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, முன்னாள் நோயாளர் நடத்திய நெருக்கடி இல்லத்தைப் பூட்டிய விடுதியுடன் ஒப்பிட்டு, இல்லத்தில் தங்கியோரின் நோய்க்குறிகள் கூடுதலாகத் தணிந்தமையையும் அவர்களின் மனநிறைவு மிக்கிருந்தமையையும் காட்டியது.

எனினும் எல்லாச் சான்றும் ஒருதிசையில் இல்லை. 2013இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு பதினொரு சோதனைகளைத் தொகுத்து நோக்கி, சேவையைப் பயன்படுத்தியோர் ஊழியராயினும் விளைவுகள் தொழிலரின் சேவைக்குக் குறைந்தவையல்ல என்றும், நெருக்கடி சேவைகளின் பயன்பாடு சிறிதளவு குறைந்தது என்றும் மட்டுமே கூறியது. சான்றுகளின் தரம் குறித்து அது எச்சரிக்கையும் செய்தது. ஒத்தோர் துணை எல்லாம் தீர்க்கும் மருந்தெனப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வரலாறு உணர்த்துவன

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒத்தோர் துணையின் பயன் அறிவினால் மட்டும் விளைவதன்று. ‘இதனை நானும் கடந்தேன்’ என்று கூறத்தக்க ஒருவர் அருகிருத்தல், நெருக்கடியிலுள்ளவர்க்கு எதிர்காலம் ஒன்று உண்டென்பதைக் கண்ணெதிரே காட்டுகின்றது. எவ்வளவு கற்ற மருத்துவராலும் இச்சான்றைத் தர இயலாது. மருத்துவரின் பணியை இது மறுப்பதாகாது. அப்பணியால் நிரப்பவியலாத வெற்றிடத்தை நிரப்புகின்றது என்பதே பொருத்தமாகும்.

இரண்டாவதாக, சேர்க்கப்படும் முறையே விளைவைத் தீர்மானிக்கின்றது. குழுவொன்றில் தனியொருவராய், குறைந்த ஊதியத்தில், தெளிவற்ற கடமைகளுடன் அமர்த்தப்படும் மீண்டோர், காலப்போக்கில் தம் சக ஊழியரின் மொழியையே பேசத் தொடங்குவர். கட்டாய அனுமதிக்கு இணங்குமாறு நோயாளியைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவரிடமே விடப்படலாம். அவ்வேளையில் அவர் எப்பக்கத்தில் நிற்பவர்? இவ்வினாவுக்கு விடை காணாத எத்திட்டமும் அவரது அனுபவத்தை வாங்கிக்கொண்டு அவரது குரலை விட்டுவிடும். பியர்ஸின் இயக்கத்துக்கு நேர்ந்தது அதுவே. ஒரு குழுவில் இருவரேனும் அமர்த்தப்படுதல், அவர்களை வழிநடத்துவோரும் அனுபவமுடையோராயிருத்தல், திட்டம் வகுக்கும் சபையில் அவர்கட்கு வாக்குரிமை இருத்தல் ஆகியவற்றை வேண்டுவது இதனாலேயே.

மூன்றாவதாக, வெளியே நிற்கும் இல்லங்கள் இன்றி உள்ளே நடக்கும் இணைப்பு நிலைக்காது. லீட்ஸ் நகர இல்லம் போன்றவை இருக்கும்போதே, குழுக்களுக்குள் இருப்போர் வேறொரு முறையும் இயலும் எனச் சுட்டிக்காட்ட முடிகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமுதாய உளநல வழிகாட்டலிலும், நியூசிலாந்தின் ‘துப்பு ஆக்கே’, அமெரிக்காவின் ‘அஃபியா’ முதலிய ஒத்தோர் நடத்தும் நெருக்கடி இல்லங்கள் நல்ல எடுத்துக்காட்டுகளாக இடம்பெற்றுள்ளன.

நமது நாட்டோடும் இவ்வரலாற்றுக்குத் தொடர்பு உண்டு. குடியேற்ற ஆட்சியில் 1873இல் இயற்றப்பட்ட கட்டளைச்சட்டத்தின் வழி, ஐரோப்பியக் காப்பக முறை இலங்கைக்கும் வந்தது. 1953இல் இலண்டனில் சட் வாரா தொடங்கிய சமாரித்தர் இயக்கத்தின் முன்மாதிரியிற் ‘சுமித்திரயோ’ 1974இல் இங்கு நிறுவப்பட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரின் குறையைப் பொறுமையுடன் செவிமடுக்கும் தொண்டர் அமைப்பு அது. ஆழிப்பேரலையின் பின் 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சேவைகளைத் தலைநகர வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்கட்குப் பரவச் செய்தலை நோக்காகக் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. போரும் பேரலையும் கண்ட ஒரு நாட்டிலே துன்பத்தைக் கடந்தோர் தொகை சிறிதன்று. அவர்களைச் சேவை பெறுவோராக மட்டும் கணிப்பதா, சேவை அளிக்கத்தக்கோராகவும் கணிப்பதா என்பது நமது உளவியலாளரும் மருத்துவரும் சமூகவியலாளரும் ஒருங்கிருந்து விடைகாண வேண்டிய வினாவாகும்.

இதுகாறும் கூறியவற்றை நோக்குமிடத்து, ஒத்தோர் துணை இன்று உளநலச் சேவைக்குட் புகும் விருந்தாளி அன்று என்பது புலனாகும். அச்சேவை மனிதத் தன்மை பெறத் தொடங்கிய நாளிலேயே அது அங்கிருந்தது. ஓவியர் பினெலைத் தீட்டினர். அருகில் நின்ற தோல் பதனிடுந் தொழிலாளியையும் அவர் தெரிந்தெடுத்த பணியாளரையும் உலகம் மறந்தது. அவர்களுக்குரிய இடத்தை வரலாற்று நூலில் மீட்டுக்கொடுத்தல் ஆய்வாளரின் கடன். நெருக்கடி வேளையில் கதவைத் தட்டும் குழுவிலும் அக்குழுவின் திட்டத்தை வகுக்கும் சபையிலும் கொடுத்தல் சமுதாயத்தின் கடன்.